ஜெயமேரிக்குப் போட்ட கர்ச்சீப்

எங்கள் ஊரில் நிலத்துக்குப் பட்டா எப்படியோ, நாற்காலிக்குக் கர்ச்சீப் அப்படி. மாசம் தவறாமல் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மங்கையர்க்கரசி கல்யாண மண்டபத்தில் சபைக் கச்சேரி நடக்கும், இரும்பு நாற்காலிகளை நாலரை மணிக்கே விரித்துப் போட்டுவிடுவார்கள், முதலில் வருகிறவர் தான் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு பின்னால் வரப்போகிறவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு கர்ச்சீப்பையோ துண்டையோ போட்டுவைப்பார், யாராவது வந்து இது காலியா என்று கேட்டால் “ஆள் வருது” என்று சொன்னால் போதும், கேட்டவர் கலெக்டரே ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். அந்த இரண்டு வார்த்தைக்கு அப்படி ஒரு மரியாதை. வராத ஆளுக்கு அதைச் சொல்லக்கூடாது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தந்ததில்லை, சொல்லித்தர வேண்டிய அவசியமும் வந்ததில்லை, ஏனென்றால் அதுவரை யாரும் சொன்னதில்லை. முதலில் சொன்னவள் நான்தான்.

என் பேர் பிரமநாயகி. பிரமு என்றால்தான் ஊருக்குத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கினவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, வருத்தமெல்லாம் அக்கம்பக்கத்தாருக்குத்தான். ஜெயமேரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள், புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது, மகன், மருமகள், பேரனோடு இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் சாமி வேறு, சாப்பாடு வேறு, தெரு வேறு. மூன்றாவது வரிசையில் இடது ஓரம், ஃபேனுக்கு நேர் கீழே, மிருதங்கக்காரர் விரல் நன்றாகத் தெரிகிற ஒரு நாற்காலிக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை வைத்துச் சண்டை போட்டோம், அந்தச் சண்டையில் ஆரம்பித்த சிநேகம் இருபத்தாறு வருஷம் ஓடியது.

நான் நாலரைக்கே போய்விடுவேன். அவள் வேலை முடிந்து, கை கழுவி, பஸ் பிடித்து, தலைவலித் தைல வாசனையோடு வந்து சேர்வதற்குள் கச்சேரியின் முதல் பாட்டான வர்ணம் முடிந்திருக்கும். இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு வர்ணம் முழுசாகக் கேட்டதில்லை. கர்ச்சீப்பை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு உட்காரும்போதே “வர்ணம் எப்படிட்டி?” என்று கேட்பாள், நான் சொல்லுவேன், அது போதும் அவளுக்கு, கேட்டமாதிரியே திருப்தியாகிவிடுவாள். பிறகு என் முட்டியில் கையை வைத்துத் தாளம் போட ஆரம்பிப்பாள். தாளம் அவளுக்குச் சுத்தமாக வராது. எங்கேயாவது பாட்டில் சொக்கிப்போய்க் கணக்கை விட்டுவிடுவாள், விட்டதும் என்னவோ நான்தான் கெடுத்த மாதிரி என் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளுவாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கன்றிப்போன தொடையோடுதான் நான் குளித்திருக்கிறேன், ஆனாலும் அந்தக் கிள்ளு இல்லாவிட்டால் கச்சேரி கேட்டமாதிரியே இருக்காது.

ஒரு பெரியவர் இருந்தார், பேர் வேண்டாம், எண்பது வயசு, வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ கச்சேரிதான் பாடுவார், அவரை ஒரு தடவையாவது சேர்ந்து கேட்டுவிட வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சு. ஐப்பசிக் கச்சேரியில் பாடிக்கொண்டிருந்த பெண் ஒரு பல்லவியை எடுத்தாள், ஜெயமேரி தன்னை மறந்து, பெரியவர் இதை இன்னும் நிதானமாக எடுப்பார் என்று சொல்லிவிட்டாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் முகம் செத்துப்போயிற்று. திருவனந்தபுரத்துக்குச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனவள் அங்கே அவர் பாடுகிறார் என்று தெரிந்து, தனியாகப் போய்க் கேட்டுவிட்டு, நான் வருத்தப்படுவேன் என்று எட்டு மாசமாக என்னிடம் மறைத்து வைத்திருக்கிறாள். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் சிரித்திருப்பேன். மண்டப வாசலில் வைத்து நான் சொன்னேன்: “இனிமே நீ எம்பக்கத்துல உக்கார வேண்டாம்.”

“சரிட்டி. உக்காரல” என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

கார்த்திகை மாசம் நான் வழக்கம்போல நாலரைக்குப் போனேன். அவள் வரமாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கை தன்னால் பையைத் திறந்து கர்ச்சீப்பை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் போட்டது, பழக்கம் பாதி, அவள் இடத்தில் வேறொரு ஆள் உட்காரக்கூடாது என்கிற வீம்பு பாதி. மரஅறுவை மில் பலவேசம் அண்ணாச்சி, பெரிய உடம்பு, ஃபேன் காற்றுக்கு அலைகிறவர், வந்து இது காலியா என்று கேட்டார். “ஆள் வருது” என்றேன்.

வர்ணத்தின் நடுவிலே ஆள் வந்தது. ஜெயமேரிதான், சாம்பல் கலர் சேலை, பச்சைக் கரை, நாடியில் மச்சம், வலதுபக்கம் கம்பி வளைந்த கண்ணாடி. கர்ச்சீப்பை எடுக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம், கோபம் தணிந்து வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் வர்ணம் எப்படி என்று கேட்கவில்லை. முட்டியில் கையை வைத்தாள், கை அடுப்பே எரியாத வீட்டுச் சுவர் மாதிரி இருந்தது, தைல வாசனை இல்லை, எந்த வாசனையும் இல்லை, ஆனால் தாளம் போட்டாள் பாருங்கள், சும்மா சொல்லக்கூடாது, இரண்டரை மணி நேரத்தில் ஒரு இடத்தில்கூட ஒரு இம்மி பிசகவில்லை. மங்களம் முடிந்ததும் எழுந்து கூட்டத்தோடு போய்விட்டாள். மறுநாள் காலையில் நான் போன் செய்தால், நேற்று வீட்டைவிட்டு எங்கேயும் போகவில்லை, எதுக்குக் கேட்கிறாய் என்று ஜெயமேரி வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும். பயந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் மார்கழியிலும் போட்டேன், தையிலும் போட்டேன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறைத்தேன் என்று ஆகக்கூடாது.

தைக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவி, பரவின வேகத்திலேயே பழகியும் போயிற்று. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஆவுடையப்பன், பெங்களூருக்கு மகன் வீட்டுக்குப் போயிருந்த தன் சம்சாரம் தெய்வானைக்குத் துண்டு போட்டுவைத்து ஆள் வருது என்று சொல்லிப் பார்த்தார், தெய்வானையம்மாள் வந்து உட்கார்ந்தாள். துபாயில் இருக்கிற தம்பிக்கு ஒருவர் போட்டார், தம்பி வந்தான், ஏசியில் இருந்து வந்த ஆள் மாதிரி வேர்வையே இல்லாமல் உட்கார்ந்திருந்தான். இவர்களுக்குக் கர்ச்சீப் ஆட்கள் என்று பேர் விழுந்தது. இவர்கள் இருமுவதில்லை, செல்போன் அடிப்பதில்லை, பக்கத்தில் இருக்கிறவரிடம் இது என்ன ராகம் என்று தொணதொணப்பதில்லை. சபைச் செயலாளர் வக்கீல் சங்கரநயினாருக்கு மண்டபம் நிறைந்ததில் தலைகால் புரியவில்லை, கமிட்டியைக் கூட்டி, கர்ச்சீப் ஆட்கள் முதல் இரண்டு வரிசையில் மட்டும் உட்காரக்கூடாது, மற்றபடி ஆட்சேபணை இல்லை என்று தீர்மானமே போட்டார். கேன்டீன்காரர் மட்டும், இவர்கள் வடை சாப்பிடுவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். வெளியூர் வித்வான்கள் மேடையிலேயே கும்பிட்டு, இவ்வளவு சுத்தமாகத் தாளம் போடுகிற சபையைத் தமிழ்நாட்டில் கண்டதில்லை என்றார்கள், ஊர் பெருமையில் பூரித்தது.

சங்கரநயினார் ஒரு நாள் காலமான தன் தகப்பனாருக்கு அங்கவஸ்திரத்தைப் போட்டுவைத்து ஆள் வருது என்றார். யாரும் வரவில்லை. வேறு சிலரும் செத்தவர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள், அந்த நாற்காலிகள் காலியாகவே இருந்தன. உயிரோடு இருக்கிறவர்களுக்குப் போட்டால்தான் ஆள் வந்தது. அது ஏன் என்று ஊரில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன், அன்றிலிருந்துதான் எனக்கு நிஜமான பயம் பிடித்தது, வருகிற ஆள் உயிரோடிருக்கிறவரிடமிருந்துதான் எதையோ எடுத்துக்கொண்டு வருகிறது என்று பட்டது.

பெங்களூரிலிருந்து ஹெட்மாஸ்டரின் மகன் முதலில் போன் செய்து அம்மா படுத்த படுக்கையில் ஒரு மடிப்புக்கூட விழுவதில்லை, தட்டில் போட்டது அப்படியே இருக்கிறது என்று சொன்னான். அடுத்த வாரம் போன் செய்தபோது அம்மாவைப் பற்றியே பேசவில்லை. ஹெட்மாஸ்டர் கேட்டதற்கு, அம்மாதான் உங்களோட ஊர்லயே இருக்காங்களே என்றானாம். அவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். மாசத்தில் ஒரு நாள் இரண்டரை மணி நேரம் தெய்வானையம்மாள் மண்டபத்தில் இருக்கிறாள் சரி, மிச்ச நாளெல்லாம் அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வியே விளங்கவில்லை என்று தெரிந்தது.

தைக் கச்சேரி முடிந்து நாலாம் நாள் மத்தியானம் ஜெயமேரி என் வீட்டுக்கு வந்தாள். கதவைத் தட்டினாளாம், எனக்குக் கேட்கவில்லை. உள்ளே வந்து என் முன்னால் நின்ற பிறகுதான் பார்த்தேன், அதுவும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிந்தாள். குரல் அந்தக் காலத்து டிரங்க் கால் மாதிரி எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது.

“ஏட்டி பிரமு, பஸ்ல எம்மேல உக்காருதாங்க” என்றாள். காலி சீட் என்று நினைத்து உட்கார்ந்துவிடுகிறார்களாம், கத்தினாலும் கேட்பதில்லையாம். மருமகள் சாப்பிட மூன்று தட்டு எடுத்து வைக்கிறாள், நாலாவது தட்டை எடுப்பதில்லை, சண்டை இல்லை ஒன்றும் இல்லை, மறந்துபோகிறாள். ஆஸ்பத்திரியில் அவள் மேஜைக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். அவளுக்கு ஒரு சந்தேகம் வந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தன் கையையே மெஷினுக்கு அடியில் வைத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். “எலும்பு வெள்ளையா விழணும்லா. ஒண்ணும் விழலட்டி. பிலிம் முழுக்கக் கறுப்பா வந்துச்சு.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், கால் கைக்குள் நிற்கவில்லை.

“கார்த்திகைல போட்டது பழக்கத்துல. சரி. மார்கழியில ஏன் போட்ட?”

நழுவின காலை நான் மறுபடி பிடிக்கப் பார்த்தேன்.

“தையில?”

“அவ சொன்ன நேரத்துக்கு வந்தா, மேரி. கிள்ளல. என்னை விட்டுட்டு எங்கயும் போக மாட்டா. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு” என்று அழுதேன். மூன்று மாசம் நான் அந்தச் சில்லிட்ட கையோடு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன், இதுதான் உண்மை, இதைவிடக் கேவலமான ஒன்றை நான் வாழ்நாளில் செய்ததில்லை.

அவள் எக்ஸ்ரே எடுத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: “நல்லா தாளம் போடுதாளா?”

“தப்பவே மாட்டா.”

“அப்போ அவ பாட்டே கேக்கல” என்றாள் ஜெயமேரி.

மாசிக் கச்சேரிக்கு இரண்டு பேருமாக நாலரைக்கே போனோம். நான் கர்ச்சீப் எதுவும் போடவில்லை, அவளை அவள் நாற்காலியிலேயே உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டேன், ஆளே உட்கார்ந்திருக்கும்போது யார் வந்துவிட முடியும் என்று எனக்கு ஒரு தைரியம். மண்டபம் நிறைந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் எனக்கு மட்டும் வணக்கம் சொன்னார்கள். தம்பூரா சேர்க்கும்போது, கர்ச்சீப் போடாமலேயே, அந்த மற்றவள், கர்ச்சீப் ஜெயமேரி, வந்தாள். வரிசைக்குள் நுழைந்து, என் முட்டியைத் தாண்டி, சேலையை ஒதுக்கிக்கொண்டு, ஜெயமேரியின் மேலேயே உட்கார்ந்தாள். சத்தம் ஒன்றும் வரவில்லை, ஒரு மூச்சு மட்டும் பிதுங்கி வெளியே வந்தது, அதை நான் ஒருத்திதான் கேட்டேன். நான் அலறிக்கொண்டு ஜெயமேரியின் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். பின்னாலிருந்த பலவேசம் அண்ணாச்சி என்ன தாயி, பூச்சியா என்று கேட்டார். சங்கரநயினார் ஓடிவந்து, அக்கா, மைக்கில் விழுகிறது, கொஞ்சம் மெதுவாக என்று சொல்லிவிட்டு, மற்றவளைப் பார்த்து, வாங்க ஜெயமேரியம்மா என்று கும்பிட்டார்.

ஜெயமேரி என் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் கையில் இருந்தது அவளுடைய வளையல் மட்டும்தான், வளையலுக்குள் கை இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. வர்ணம் ஆரம்பித்தது. அவளுடைய முழுசான முதல் வர்ணம், அதைத் தரையில் கிடந்து கேட்கிறாள். இந்த வர்ணம் முடிவதற்குள் இவள் இல்லாமல் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் லைன் எல்லாம் நிறைந்திருக்கும்போது அவசரம் என்று யாராவது கதறினால், பேசிக்கொண்டிருக்கிற ஒருத்தர் வைத்தால்தான் இன்னொருத்தருக்குக் கொடுக்க முடியும். இங்கே நான் வைக்கச் சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான் இருந்தாள், அது நான்.

நான் எழுந்தேன். கர்ச்சீப்பை எடுத்து என் நாற்காலியில் போட்டேன்.

பலவேசம் அண்ணாச்சி உடனே முன்னால் குனிந்து, எந்திரிச்சிட்டீங்களா, இது காலியா என்றார். “ஆள் வருது” என்றேன். அதுவரை யாரும் யாரிடமும் கேட்காத ஒன்றை அவர் கேட்டார்: “யாரு?”

“ஜெயமேரி.”

அவர் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். “அவங்கதான் இருக்காங்களே.”

“நெசமாவே வருதவ” என்றேன்.

தரையிலிருந்து ஜெயமேரி என் சேலைக் கொசுவத்தைப் பிடித்தாள். “வேண்டாம்ட்டி. நீ எங்க உக்காருவ?”

“தூண்கிட்ட நிக்கேன். ஏறு.”

நான் பயந்தேன். வீராப்பாகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள், அப்படியே கர்ச்சீப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி கை போயிற்று. அவள் ஏறி உட்கார்ந்தாள். நாற்காலி கிரீச்சென்றது. கனம் விழுந்த சத்தம். தைல வாசனை வந்தது. பலவேசம் அண்ணாச்சி, வாங்கம்மா, இப்போதான் வாரீங்களா என்றார், சொல்லிக்கொண்டே காலை நீட்டினார், நான் நின்றுகொண்டிருந்த இடத்தில், நான் நிற்காத மாதிரி. நான் தூணுக்குப் போனேன். யாரும் வழி விடவில்லை, வழி விட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தனி ஆவர்த்தனம் வந்து மிருதங்கக்காரர் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் பாதிக் கூட்டம் வழக்கம்போலக் காப்பிக்கு எழுந்து போயிற்று, மற்றவளும் எழுந்து அவர்களோடு போனாள். திரும்பி வரவில்லை. சொன்ன சொல்லுக்குச் சொன்ன ஆளே வந்துவிட்ட பிறகு அவளுக்கு அங்கே என்ன வேலை.

ஜெயமேரிக்கு வீட்டில் நாலாவது தட்டு வந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் மேஜை வந்துவிட்டது. என் வீட்டு வாசலில் பால்காரர் நிற்பதில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் என் கேட்டில் துணி காயப்போடுகிறார்கள். பஸ்ஸில் நான் ஏறுவதில்லை, ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்றைக்குப் பங்குனிக் கச்சேரி. நான் தூணோரமாக நிற்கிறேன். எனக்கு இப்போது ஒரே ஒரு பயம்தான், அது மண்டபத்திலிருக்கிற எல்லார் வாயிலும் இருக்கிறது. எல்லாரும் ஜெயமேரியிடம் வந்து, பிரமு அக்கா இல்லாமல் நீங்கள் ஒத்தையில் இருக்கிறது பார்க்க நன்றாக இல்லை, ஒரு கர்ச்சீப் போடுங்கள், வந்துவிடுவார்கள் என்கிறார்கள். சங்கரநயினார் தன் அங்கவஸ்திரத்தையே கழற்றி நீட்டினார். ஹெட்மாஸ்டர் பக்கத்திலிருக்கும் தன் தெய்வானையைக் காட்டி, என்ன குறை பாருங்கள் என்றார். அவள் போட்டுவிட்டால் ஒரு பிரமு வருவாள். வாயாட மாட்டாள், சண்டை போட மாட்டாள், மண்டப வாசலில் வைத்து யாரையும் நோகடிக்க மாட்டாள். அவள் ஒரு தடவை அங்கே உட்கார்ந்துவிட்டால் இந்தத் தூணில்கூட எனக்கு இடம் இருக்காது.

ஜெயமேரி நாலரைக்கே வந்துவிட்டாள். பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பையைத் திறந்தாள். கர்ச்சீப்பை எடுத்தாள், வேண்டாம் மேரி, வேண்டாம் என்று தூணிலிருந்து கத்தினேன், ஒருத்தருக்கும் கேட்கவில்லை. நாலாக மடித்தாள். பலவேசம் அண்ணாச்சி வந்து நின்று, ஆள் வருதா என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றினாள். கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள், அதைத் திரும்பப் பைக்குள் வைத்து மூடினாள்.

“வரல. நீங்க உக்காருங்க” என்றாள்.

அண்ணாச்சி நாற்காலி நிறைய உட்கார்ந்தார். கச்சேரி ஆரம்பித்தது. வர்ணம் முடிந்ததும் அவள் மேடையைப் பார்த்தபடியே, யாரிடம் என்றில்லாமல், வர்ணம் சுமார்தான் என்றாள், அண்ணாச்சி என்னம்மா என்று கேட்டார், அவள் ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். தன் முட்டியிலேயே தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். பைரவி எடுத்தார்கள், நன்றாகவே எடுத்தார்கள், அவள் கண்ணை மூடினாள், கை எங்கேயோ போயிற்று, கணக்கை விட்டாள், விட்ட கோபத்தில் கை தன்னால் பக்கத்துக்குப் போய் அண்ணாச்சியின் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளியது. அவர் கை பட்டதற்காகத் திரும்பிப் பார்த்தார், கிள்ளு அவருக்கு உறைக்கவே இல்லை.

வலித்தது எனக்கு.